பிள்ளை சத்தம் போடட்டும்

கேள்வி: சென்னையில் ஒரு கால் சென்டரில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 33. அமெரிக்க பிராட்பேண்ட் ப்ராசஸ், அதாவது அங்குள்ள இன்டர்நெட் கஸ்டமர்களின் போன் கால்களை எடுக்கும் பிரிவு, நைட் ஷிப்ட். நெட் வரவில்லை, பில் அதிகம் என்று கூப்பிடுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். பதிலுக்கு ஒரு வார்த்தை பேச முடியாது. அந்தக் கோபத்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டிவிடுகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு கேப் இறக்கிவிடும். கொஞ்ச நேரம் போன் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது, எட்டு மணி ஆகிவிடும். மூன்று மணிக்கு எழுவேன். ஒரே பெட்ரூம் உள்ள வீடு. நாலு வயது மகளைப் பற்றிக் கவலை இல்லை, சமர்த்து. நான் தூங்கும்போது பொம்மையோடு உதட்டை மட்டும் அசைத்துப் பேசி விளையாடுவாள். போன வருடம் பகல் ஷிப்டில் தமிழ் ப்ராசஸுக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். நைட் அலவன்ஸ் நாலாயிரம் போய்விடும், தமிழ் கால் எடுத்தால் மதிப்பும் இல்லை என்று மறுத்துவிட்டேன். கோபத்தைக் குறைக்க யோகா வகுப்பில் சேரலாமா, வேலையையே விட்டுவிடலாமா?

– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: தம்பி, இந்த வேலையின் கஷ்டத்தைச் சொல்லி வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஹெட்செட்டை மாட்டிய நிமிடத்திலிருந்து ஒவ்வொரு நொடியும் கணக்கில் ஏறுகிற வேலை. ஒரு போன் காலை இத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஏ.எச்.டி. கணக்கு, நடுவில் பேச்சு நின்றால் டெட் ஏர் என்று மார்க் குறைப்பு, பாத்ரூம் போனாலும் பிரேக் நேரத்தில் கழிவு. எதிரே இருப்பவர் எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் நினைத்தவுடன் லைனை கட் பண்ண முடியாது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனதைத் தளரவிடாதீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பிரச்னை என்று எழுதியதைவிட, கவலை இல்லை என்று எழுதியதுதான் என் வயிற்றைக் கலக்கியது.

நாலு வயதுப் பெண் பொம்மையோடு உதட்டை மட்டும் அசைத்துப் பேசுகிறாள்.

எந்தக் குழந்தையும் தானாக அப்படி விளையாடாது. அந்த வயதில் பொம்மைக்குச் சோறு ஊட்டினால் "ஆ காட்டு" என்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும். டம்ளரைத் தட்டும், கட்டிலிலிருந்து குதிக்கும், ஒரே கேள்வியை விடாமல் கேட்டு உயிரை வாங்கும். பேச்சு வளர்வதே அப்படித்தான். அதை விட்டுவிட்டு அவள் உதட்டை மட்டும் அசைக்கிறாள் என்றால், சத்தம் வந்த ஏதோ ஒரு நாள் அவள் மறக்க முடியாதபடி ஏதோ நடந்திருக்கிறது. நீங்கள் கதவைத் திறந்து கத்தியிருப்பீர்கள். இல்லையென்றால், நீங்கள் கத்துவீர்களே என்று பயந்து அவள் அம்மா அவள் வாயைப் பொத்தியிருப்பார். எது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். நிச்சயம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

இரவெல்லாம் டெக்சாஸிலோ ஒஹாயோவிலோ முகம் தெரியாத ஒருவர் உங்கள் காதில் கத்துகிறார். அவருக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கிறீர்கள், உங்கள் சிரமம் புரிகிறது சார் என்கிறீர்கள். அவர் கத்தலாம். நீங்கள் பெற்ற பிள்ளை, அவளுடைய சொந்த வீட்டில், பட்டப்பகலில், பொம்மையோடு வாய்விட்டுப் பேசக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கம்பெனியில் ஒவ்வொரு காலும் பதிவாகிறது. தரம் பார்த்து மார்க் போடுகிற க்யூ.ஏ. எதை எடுத்துக் கேட்பார் என்று தெரியாது. அதனால் எல்லாக் காலிலும் குரலை அடக்குகிறீர்கள். அப்படியானால் அடக்கத் தெரியாத ஆள் இல்லை நீங்கள். எட்டு வருடமாக, நாள் தவறாமல், முன்பின் தெரியாதவர்களிடம் அடக்கிக் காட்டியிருக்கிறீர்கள். மனைவியிடம்தான் அடக்கவில்லை. அங்கே மார்க் போட யாரும் இல்லை என்று நினைத்துவிட்டீர்கள். பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. யோகா உடம்புக்கு நல்லது, போகிறதானால் போங்கள். இதற்கு அது மருந்து இல்லை.

குடும்பத்துக்காகத்தான் இவ்வளவும் படுகிறேன் என்பீர்கள். ஆண்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் இந்த வரி இல்லாத கடிதம் குறைவு. சம்பாதித்துப் போடுவது கடமை, மறுக்கவில்லை. ஆனால் அது கடமையில் ஒரு பங்குதான். அப்பா வீட்டில் இருக்கும்போது பிள்ளைக்குத் தைரியம் வர வேண்டும், அதுவும் கடமைதான். அப்பா தூங்கி எழும்வரை ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது என்றால், அந்தச் சம்பளத்தின் விலையை உங்கள் மனைவியும் மகளும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பரில் பின்னே இழுக்கிறார்கள். அதற்கேற்ப உங்கள் ஷிப்ட் மார்ச்சில் மாலை ஆறரைக்கும் நவம்பரில் ஏழரைக்கும் மாறும். உங்கள் வீட்டில் சோறு வடிக்கிற நேரமும் மாறும். எங்கோ இருக்கிற கடிகாரத்துக்கு இவ்வளவு வளைந்து கொடுக்கிற குடும்பம், அந்தக் குழந்தைக்காக என்ன வளைந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்போது அந்த நாலாயிரத்துக்கு வருகிறேன். பணம் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். வாடகையும் பள்ளிக் கட்டணமும் இருக்கிற வீட்டில் நாலாயிரம் பெரிய தொகைதான். ஆனால் பணத்தோடு இன்னொரு காரணமும் எழுதினீர்களே, தமிழ் கால் எடுத்தால் மதிப்பு இல்லை என்று. அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் 108 ஆம்புலன்ஸ் தொடங்கியதிலிருந்து அந்த எண்ணை எடுக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பதும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரு கால் சென்டரில்தான். பிரசவ வலி வந்த பெண்ணின் மாமியார் பதற்றத்தில் ஊர்ப்பெயர் சொல்லத் தெரியாமல் திணறுவார். பக்கத்தில் என்ன கோயில், என்ன பஸ் ஸ்டாப் என்று பொறுமையாகக் கேட்டு வண்டியை அனுப்புகிறார்கள். அதுவும் தமிழ் கால்தான். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோன ஒரு பெரியவர் நடுங்கிக்கொண்டு கூப்பிட்டால் அவருக்குப் புரிகிற பாஷையில் பதில் சொல்ல ஆள் வேண்டும். யார் முன்னால் உங்களுக்கு மதிப்புக் குறைகிறது? கேபில் கூட வருகிற நாலு பேர் முன்னாலா? அந்த நாலு பேருக்காகவா நாலு வயதுக் குழந்தை ஊமையாட்டம் விளையாடுகிறாள்?

உடம்பையும் யோசியுங்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2007-இல், இரவுப் பணி மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று வகைப்படுத்தியது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து, அதே இடத்தில்தான் வைத்தது. நைட் ஷிப்ட் பார்க்கிற எல்லோருக்கும் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. நர்ஸ்களும் போலீஸ்காரர்களும் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு ஷிப்ட் சுற்றி வரும். நீங்கள் எட்டு வருடம் இரவிலேயே நிற்கிறீர்கள், பகல் தானாகத் தேடி வந்தபோதும் வேண்டாம் என்றீர்கள்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். கையில் இன்னொரு வேலை இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றால், பணக் கவலையில் இன்னும் அதிகமாக எரிந்து விழுவீர்கள். டீம் லீடரையும் ஹெச்.ஆரையும் பார்த்து, பகல் ஷிப்டில் இடம் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். தமிழ் ப்ராசஸ் இல்லையென்றால் ஆஸ்திரேலிய ப்ராசஸ், அவர்களுடைய பகல் நமக்கு விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடியும். பிரிட்டிஷ் ப்ராசஸ் என்றால்கூட நள்ளிரவுக்குள் வீட்டில் இருக்கலாம். வாயால் கேட்டுவிட்டு விடாதீர்கள், மெயில் போடுங்கள். வேறு கம்பெனி மாறித்தான் ஆக வேண்டும் என்றால், ஐந்து வருடம் தாண்டியவருக்குச் சட்டப்படி கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும், சட்டம் சொல்கிற கணக்கில், பதினைந்து நாள் சம்பளம். கேட்டு வாங்காமல் வராதீர்கள்.

ஷிப்ட் மாறும்வரை சும்மா இருக்கவும் கூடாது. ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறவர் எட்டு மணிவரை போன் பார்க்கிறீர்கள். அந்த வெளிச்சம்தான் வருகிற தூக்கத்தையும் விரட்டுகிறது. போனை ஹாலில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஆறு மணிக்குப் படுங்கள். ஒரு மணிக்கு எழலாம், ஏழு மணி நேரத் தூக்கம். நாலு வயது என்றால் எல்.கே.ஜி. போவாள், மதியம் வந்துவிடுவாள். அவள் வருகிற நேரத்துக்கு நீங்கள் விழித்திருப்பீர்கள். காலையில் அவள் கிளம்பும்போது சத்தம் வரத்தான் செய்யும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள், வாய் மூடிக்கொள்ள வேண்டியது அவள் இல்லை.

அசிங்கமாகத் திட்டுகிற காலுக்கு, எச்சரித்துவிட்டு சூப்பர்வைசருக்கு மாற்றுகிற முறை அநேகமாக எல்லாக் கம்பெனியிலும் உண்டு. உங்கள் ப்ராசஸில் அது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். ஏ.எச்.டி. கெட்டுவிடும் என்று எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குச் சுமந்து வராதீர்கள்.

மகளிடம் "இனிமேல் சத்தம் போட்டு விளையாடு" என்று உத்தரவு போட வேண்டாம், நம்ப மாட்டாள். மதியம் எழுந்ததும் அவளோடு தரையில் உட்காருங்கள். பொம்மைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். பதில் மெதுவாக வந்தால் மெதுவாகவே வரட்டும், நீங்கள் கொஞ்சம் சத்தமாகச் சிரியுங்கள். நாள் ஆகும்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முகம் தெரியாதவர்களிடம் இத்தனை வருடம் கேட்டிருக்கிறீர்கள், வீட்டில் கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து, நாலாயிரம் குறைந்தால் எதை நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது என்று அவரோடு சேர்ந்து எழுதுங்கள். போன வருடம் அந்தக் கணக்கை நீங்கள் தனியாகப் போட்டு, தனியாகவே மறுத்துவிட்டீர்கள். இந்தத் தடவை ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புவதற்கு முன்னால் அவரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.