பழனி, தாராபுரம் பக்கம் மழை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டேதான் வருகிறதா?

‘ஆமாம்’ என்று அடித்துச் சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பார்த்தீர்கள் என்பதைத்தான். 2005இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் கொட்டித் தீர்த்தது. 2016இல் அதே மழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தால் ஊரே பாலைவனமாகப் போகிறது என்று தோன்றும். 2016இல் தொடங்கி 2021இல் முடித்தால் கோடு வானத்தைப் பார்க்கும். வறண்ட ஆற்றுப் படுகைப் பகுதிகளில் மழை தாறுமாறாக ஏறி இறங்குவதுதான் வழக்கம். பத்துப் பதினைந்து ஆண்டுக் கணக்கு அங்கே எதையும் நிரூபிக்காது. அதனால்தான் புள்ளியியலில் ‘சென் முறை’ என்ற கணக்கில், ஒவ்வோர் ஆண்டையும் மற்ற எல்லா ஆண்டுகளோடும் ஜோடி சேர்த்துக் கோட்டின் சாய்வைக் கணக்கிட்டு, வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கிறார்கள். ஒரு 2016 மட்டும் வந்து கணக்கைக் கவிழ்த்துவிட முடியாது.

(1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்ததற்கே, பஞ்சங்களுக்குப் பிறகு, சூரியனைக் கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடும் என்ற நம்பிக்கை ஒரு காரணம். சூரியனைப் பற்றி நிறையத் தெரிந்தது. மழை பிடிகொடுக்கவில்லை.)

அடுத்தது இடம். கொடைக்கானலில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. பெய்கிறது, வடக்கே இறங்கித் தாராபுரம் போனால் அதில் பாதிகூட இல்லை. இந்த ஊர்கள் அடங்கும் அமராவதி ஆற்றுப் படுகை முழுவதற்கும் ஒரே சராசரி போட்டால், மேலே கொட்டியதும் கீழே பொய்த்ததும் கலந்து ‘இயல்பான மழை’ என்று வந்து நிற்கும். அணைக்கு அந்தக் கணக்கு உதவலாம், மானாவாரிக்காரருக்கு உதவாது.

என்னைக் கேட்டால், மொத்தத்தைவிட மழை நாட்களை எண்ணுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழைமானியை அளக்கிறது, 2.5 மி.மீ. இருந்தால்தான் அது மழை நாள். பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியில் எங்கள் தோட்டம் சரிவில் இருக்கிறது. ஐப்பசியில் ஒரே இரவில் 90 மி.மீ. விழுந்தால், மண் குடிப்பதற்குள் பாதி ஓடி மருதாநதி அணைப் பக்கம் போய்விடும். அதையே ஒன்பது நாள் பத்துப் பத்தாகப் பெய்தால் மிளகுக் கொடியின் வேரில் ஈரம் நிற்கும். மாதக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்!

தாலுகா அளவில் மழைக் கணக்கு கிடைத்தால் பருவவாரியாகப் பிரியுங்கள். குறிப்பாகக் கோடை மழையைத் தனியாகப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் வரும் ஓரிரு நல்ல மழைக்குத்தான் காப்பி பூக்கிறது. ஆண்டு மொத்தத்தில் அது கண்ணிலேயே படாது.