கோடிட்ட இடத்தில் பிரிமணை

வாசகர் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்பவர், பணி நிறைவு பெற்ற ஒரு தமிழாசிரியை

கேள்வி: பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இருபது பேர் கூடுகிறோம். கதையில் சில சொற்களுக்கு இடம் விட்டு நிரப்பும் வேடிக்கை விளையாட்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து என் தங்கை அனுப்பினாள். ஆங்கிலத் தாளைத் தமிழாக்கி ஆடினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன தவறு? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தவறு உங்களிடம் இல்லை, அந்தத் தமிழாக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இடம் விட்ட அதே இடங்களில் தமிழிலும் விட்டிருப்பீர்கள். ‘மாமா ______ஐத் தூக்கினார்’ என்று இருந்தால், ‘மரம்’ என்று சொன்னவருக்கு ‘மரத்தை’ என்றும், ‘ஆடு’ என்று சொன்னவருக்கு ‘ஆட்டை’ என்றும் மாற்ற வேண்டும். படிப்பவர் அங்கே ஒரு நொடி தடுமாறினால் போதும், சிரிப்பு ஓடிவிடும். வினைமுற்றிலும் இதே சிக்கல்தான். ‘ஓடினான்’ என்று ஒருவர் சொல்லியிருப்பார், கதையில் ஓட வேண்டியது அத்தையாக இருக்கும்.

ஆகவே, தமிழ் இடம் கொடுக்கும் இடத்தில் இடம் விடுங்கள். ‘புளித்த’, ‘துருப்பிடித்த’ போன்ற சொற்கள் எதற்கு முன்னால் வந்தாலும் உருமாறுவதில்லை. துருப்பிடித்த கரும்பு, துருப்பிடித்த வானம், துருப்பிடித்த சர்க்கரைப் பொங்கல், எல்லாம் செல்லும். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘என்ற’ என்பதற்கு முன்னால் வையுங்கள். வேற்றுமை உருபு தொல்லை இல்லை. எண்ணுக்கும் இடம் விடுங்கள். என் அண்ணன் ஒருமுறை ‘முக்காலே மூன்று வீசம்’ என்று சொல்லிவிட்டார். ஒரு வீசம் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே அது 15/16. கதையில் வந்த கல்யாணத்துக்கு முக்காலே மூன்று வீசம் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். பிள்ளைகள் அன்று தரையில் கோடு போட்டு அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் மேலானது இரட்டைக்கிளவி. ‘______வென்று’ என்று எழுதி வைத்துவிடுங்கள். கமகம, நறநற, சலசல, கிடுகிடு, பிசுபிசு, எது வந்தாலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ‘நிலா நறநறவென்று உதித்தது.’ ‘தாத்தா கமகமவென்று தூங்கினார்.’ முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பில் இலக்கணம் நடத்தியவள் சொல்கிறேன், இதற்கு நிகரான இடம் வேறு இல்லை. ஒரே ஒரு கண்டிப்பு: ‘சல’ என்று பாதியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது.

இன்னொன்று. பள்ளிக்கூடத்துக் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ நம் பிள்ளைகளை நன்றாகப் பழக்கிவிட்டது. சரியான விடையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கதையை அவர்களிடம் காட்டவே காட்டாதீர்கள். தாள் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். ‘ஒரு தின்பண்டம் சொல்’, ‘ஓர் ஊர் சொல்’ என்று அவர் கேட்கட்டும்; முதலில் வாயில் வருவதை எழுதிக்கொள்ளட்டும். கடைசியில் முழுக்கதையையும் உரக்கப் படிக்க வேண்டும், நிறுத்தி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பது போல.

கேள்வி: இது யார் கண்டுபிடித்தது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் லியோனார்டு ஸ்டெர்ன் 1953-இல் ஒரு கதாபாத்திரத்தின் மூக்கை வருணிக்கச் சொல் தேடிக்கொண்டிருந்தார். என்ன வாக்கியம் என்று கேட்காமலே நண்பர் ரோஜர் பிரைஸ் ஏதோ ஒரு சொல்லை எடுத்துவிட, இருவரும் சிரித்த சிரிப்பில் பிறந்தது. 1958-இல் ‘மேட் லிப்ஸ்’ என்ற பெயரில் புத்தகமாக வந்தது.

கேள்வி: எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா? (கல்லூரி மாணவி, விருதுநகர்)

பதில்: அவரை முதலில் உட்கார வையுங்கள் அம்மா. இந்த விளையாட்டில் எழுதுவது ஒருவர்தான். மற்றவர்களுக்கு வேண்டியது சொல் மட்டுமே. அது பாட்டியிடம் இருக்கும் அளவுக்கு உங்களிடமோ என்னிடமோ இல்லை.

என் மாமியாரும் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் காணும் பொங்கலன்று, முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவரிடம், “அத்தை, சமையலறைப் பொருள் ஏதாவது ஒன்று சொல்லுங்கள்” என்றேன். தலை நிமிராமல் “பிரிமணை” என்றார். கதையைப் படித்தபோது, ‘விமானியின் தலையில் தொப்பிக்குப் பதிலாகப் பிரிமணை இருந்தது’ என்று வந்தது. அத்தை சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மொச்சை முற்றமெல்லாம் உருண்டது. பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்தனாரின் ஒன்பது வயது மகள், “அப்பாயி, பிரிமணை என்றால் என்ன?” என்று கேட்டாள்.

அத்தை மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து வரச் சொன்னார். தண்ணீர் தெளித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் புரியாக முறுக்கினார். வளையமாகச் சுற்றி, மேலே இன்னொரு சுற்று வரிந்து, நுனியை உள்ளே செருகினார். அடி உருண்ட பொங்கல் பானையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பானை ஆடாமல் நின்றது. அந்தப் பெண் பானையை இறக்கிவிட்டுப் பிரிமணையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று மாலைவரை அவள் அதைக் கழற்றவில்லை.

உறி, திருகை, குந்தாணி, அகப்பை. உங்கள் பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சென்ற தீபாவளிக்கு ஆடியபோது என் மைத்துனர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். விளையாட்டுதானே? (வாசகர், சேலம்)

பதில்: அவர் கோபம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. கதையில் அவர் பெயரைப் போட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் நடந்தது. புது மருமகளின் பெயருக்கு முன்னால் இடம் விட்டிருந்தோம். ‘கருகிய’ என்று வந்து விழுந்தது. சொன்ன சிறுவனுக்குக் கதையே தெரியாது. எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். பிறகு கொல்லைப்புறத்தில் பார்த்தேன், முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிறம், உடம்பு, சம்பளம், பிள்ளைப்பேறு ஆகியவற்றின் அருகில் இடம் விடவே கூடாது. வீட்டு மனிதர்களின் பெயர் வேண்டாம்; தானே கேட்டு வாங்கிக்கொண்டால் மட்டும் போடுங்கள். மாடு இருக்கிறது, பஸ் இருக்கிறது, கரும்பு இருக்கிறது. மைத்துனரிடம் நேரில் போய்ப் பேசிவிடுங்கள், பொங்கலுக்கு முன்பே.

கேள்வி: ஒரு மாதிரிக் கதை எழுதித் தாருங்கள். (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று காலை, ______ (பண்பு காட்டும் சொல்) வானத்திலிருந்து ______வென்று (இரட்டைக்கிளவி) ஒரு பஸ் இறங்கியது. அதன் நெற்றியில் ‘______’ (சமையலறைப் பொருள்) என்று எழுதியிருந்தது. உள்ளே ______ (ஒன்றுக்கு மேற்பட்ட எண்) மாடுகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. “எங்களுக்குப் பொங்கல் வேண்டாம், ______ (தின்பண்டம்) வேண்டும்” என்றது முதல் மாடு. இரண்டாவது மாடு ______வென்று (இரட்டைக்கிளவி) அழுதது. நடத்துநர் தன் ______ (பண்பு காட்டும் சொல்) விசிலை ஊதினார். உடனே எல்லா மாடுகளும், “______!” (வீட்டில் தினமும் கேட்கும் ஒரு வாக்கியம்) என்று ஒரே குரலில் கத்தின. பஸ் ______ (ஊர்) வழியாக ______ (இன்னோர் ஊர்) போய்ச் சேர்ந்தது.