பயணப்பதிவு சோறு போடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். வயது 28, மாதச் சம்பளம் 42,000 ரூபாய். மூன்றாண்டுகளாக விடுமுறை நாள்களில் ஊர் ஊராகச் சென்று தமிழில் பயண வலைப்பதிவு எழுதி வருகிறேன். யூடியூபில் ஒரு சேனலும் உண்டு. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால்தான் வளர முடியும் என்கிறார்கள் நண்பர்கள். ஊர் சுற்றுவதெல்லாம் ஒரு தொழிலா என்கிறார்கள் வீட்டில். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: நண்பர்களும் வீட்டாரும் எதிரெதிரே நின்று பேசுவதுபோல் தோன்றினாலும், ஊர் சுற்றுவதே இந்தத் தொழில் என்று இரு தரப்பினருமே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் சுற்றுவதற்கு யாரும் கூலி தருவதில்லை. நீங்கள் போய்வந்த ஊருக்கு அடுத்த மாதம் குடும்பத்தோடு புறப்படவிருக்கும் ஒருவருக்கு, எந்தப் பேருந்தில் ஏறுவது, நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா என்று பல ஐயங்கள் இருக்கும். அவற்றைத் தீர்த்துவைப்பவரின் பக்கத்தை அவர் தேடி வருகிறார், வந்தவரின் கண்ணில் விளம்பரம் படுகிறது, அதற்குத்தான் காசு. ஆகவே இதைச் சிறிய அளவிலான ஒரு பதிப்புத் தொழிலாகவே எண்ண வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்குப் பின்னால் ஒரு வார மேசைவேலை காத்திருக்கும் என்பது மூன்றாண்டு எழுதிய உங்களுக்குத் தெரியும்; வேலையை விடச் சொல்லும் நண்பர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் வருவாயை எண்களாகவே பார்த்துவிடலாம். கூகுள் தனது ஆட்சென்ஸ் விளம்பர வசதியைத் தமிழ்த் தளங்களுக்கு 2018 பிப்ரவரியில்தான் திறந்துவிட்டது. அதற்கு முன்பு தமிழில் எழுதியவர்கள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அந்த வழியில் முறையாகச் சம்பாதிக்க இயலவில்லை. இப்போது இயலும், ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும், முந்தைய 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும்; நீண்ட காணொலிகளுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, மீதி அவர்களுக்கு. அமெரிக்காவிலிருந்து பார்ப்பவரால் கிடைக்கும் தொகையும் அறந்தாங்கியிலிருந்து பார்ப்பவரால் கிடைக்கும் தொகையும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், தமிழ்ப் பதிவுக்கான விகிதம் பொதுவாகத் தாழ்ந்தே இருக்கும். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பார்வைக்கு 60 ரூபாய் கைக்கு வருவதாக வைத்துக்கொண்டால், இன்றைய உங்கள் சம்பளத்தை எட்ட மாதம் 7 லட்சம் பார்வைகள் வேண்டும். பேருந்துக் கட்டணம், தங்குமிடம், இணையத்தள வாடகை ஆகியவற்றை இன்னும் கழிக்கவில்லை. வருங்கால வைப்புநிதியும் மருத்துவக் காப்பீடும் உங்கள் பொறுப்பாகிவிடும் என்பதையும் சேர்க்கவில்லை. உங்கள் தளத்தின் உண்மையான விகிதத்தை எடுத்து இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, இந்த வருவாயின் குழாய் பிறர் கையில் இருப்பதுதான். 2020 மார்ச் மாதத்தில் பயணமே நின்றுபோனது. இந்தியாவிலிருந்து வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மீண்டும் பறக்க 2022 மார்ச் 27 ஆயிற்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். 2023 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது, உலகெங்கும் தனியாட்கள் நடத்திய பயணத் தளங்கள் பல தங்கள் வாசகர்களில் பெரும்பகுதியை இழந்தன. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும், தேடியவருக்குத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடை கிடைக்கத் தொடங்கிவிட்டது. 'ஊட்டிக்கு இ-பாஸ் எடுப்பது எப்படி' என்ற பதிவு, அந்த முறை நடைமுறைக்கு வந்த 2024 மே மாதத்தில் ஒருவருக்கு நல்ல கூட்டத்தைக் கொண்டுவந்திருக்கும். இன்று அந்தக் கேள்விக்கு விடை தேட எவரும் உங்கள் வாசல்வரை வரவேண்டியதில்லை.

அப்படியானால் வாசல்வரை வரவைப்பது எது? உங்கள் ஊரிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: தாமரைத் தடாகத்தைத் தீட்டிய ஓவியங்கள் உள்ள அறிவர் கோயில் ஒன்று, சமணர்களின் கற்படுக்கைகளும் தமிழ்-பிராமிக் கல்வெட்டும் உள்ள ஏழடிப்பட்டம் மற்றொன்று. இரண்டும் ஒரே குன்றில் இருந்தாலும் ஒரே இடத்தில் இல்லை. ஏழடிப்பட்டத்துக்குப் பாறையேறிப் போக வேண்டும், வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பிறருடைய படங்களைப் போட்டு எழுதப்பட்ட பதிவுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஏழடிப்பட்டத்தில் நிழல் கிடைக்கும், ஏற முடியாத பெரியவர் எங்கே உட்கார்ந்திருக்கலாம், திரும்பும் பேருந்து தவறிவிட்டால் என்ன வழி என்பவற்றை, போன மாதம் போய்வந்தவர்தான் சொல்ல முடியும். அதே சுற்றில் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும், நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சுரமும், மூன்றில் இரண்டு கோயில்கள் மட்டுமே எஞ்சி நிற்கும் கொடும்பாளூர் மூவர் கோயிலும், திருமயம் கோட்டையும் இருக்கின்றன. தாய்லாந்துக்குப் போய்வந்த ஆயிரமாவது ஆளாக இருப்பதைவிட, புதுக்கோட்டை மாவட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் இவரைத்தான் கேட்க வேண்டும் என்ற பெயரை எடுப்பது உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் எட்டக்கூடியது.

அந்தப் பெயர்தான் பணமாக மாறும். இத்துறையில் நான் அறிந்தவரை, விளம்பரத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை வேனில் அழைத்துச் சென்று இடங்களைக் காட்டுகிறார்கள், இதழ்களுக்கு எழுதுகிறார்கள், படங்களை விற்கிறார்கள், தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவு செய்து கொடுத்துத் தரகு பெறுகிறார்கள். வலைப்பதிவு அவர்களுக்குக் கடையின் பெயர்ப்பலகை மாதிரி. விற்பனை உள்ளே நடக்கிறது.

'கொலாப்' என்று சொல்லி இலவசத் தங்கலுக்கு வரும் அழைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைவாசத்தலத்தில் இரண்டு இரவு இலவசமாகத் தங்கிவிட்டு, அறையில் வெந்நீர் வரவில்லை என்று எழுதியிருந்தேன். நீக்கும்படி கேட்டார்கள், நானும் தாட்சண்யத்துக்குக் கட்டுப்பட்டு நீக்கினேன். அந்தக் கட்டுரையை நம்பிக் கைக்குழந்தையோடு மார்கழியில் போய்ச் சேர்ந்த ஒரு வாசகி எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விடுதியின் இலவச அறையை வைத்துக்கொண்டு மளிகை வாங்க முடியாது. அந்த வாசகியை இழந்தால் எதையுமே வாங்க முடியாது. சட்டமும் இப்போது கண்டிப்பாக இருக்கிறது. பணமோ இலவசமோ பெற்றுக்கொண்டு பரிந்துரைத்தால், அதைப் பதிவிலேயே, பதிவின் மொழியிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். ஒரே நிறுவனம் ஓராண்டில் தரும் இலவசங்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தமும் 2022 ஜூலை 1 முதல் உண்டு. அதாவது, கைக்குப் பணமே வராத ஒரு தங்கலுக்கு நீங்கள் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டியிருக்கும்!

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாக. இப்போது வேலையை விடாதீர்கள். பன்னிரண்டு மாதங்கள் விடாமல், சம்பளத்தில் பாதியளவேனும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளிலிருந்தாவது வந்து, எட்டு மாதக் குடும்பச் செலவும் வங்கியில் இருந்தால் அப்போது யோசிக்கலாம். அதுவரை, பணியாணையில் வேறு வருமானம் ஈட்டக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதை இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள். பலர் அதைப் படிப்பது விளக்கம் கேட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்த பிறகுதான். வீட்டாரிடம் இந்த எண்களைக் காட்டிப் பேசுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை கணக்கோடு பேசினால் கேட்பார்கள்.

கேள்வி: கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் மகள், பயணக் காணொலி எடுப்பதற்காக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு கேமராவும் ட்ரோனும் கேட்கிறாள். கடன் வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. அவள் கையிலிருக்கும் செல்போனே படத்துக்குப் போதும். சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஒரு நல்ல மைக் மட்டும் வாங்கிக் கொடுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்கிறவர்கள், பேச்சு கேட்காவிட்டால் உடனே வேறு காணொலிக்குப் போய்விடுவார்கள். ட்ரோனை நினைத்த இடத்தில் பறக்கவிடவும் முடியாது: 250 கிராமுக்கு உட்பட்டதை இயக்குபவருக்கு உரிமம் தேவையில்லை என்றாலும், எங்கே பறக்கலாம் எங்கே கூடாது என்ற மண்டல விதிகள் அதற்கும் உண்டு. உங்கள் ஊர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனே கொண்டுபோக முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் அனைத்திலும் செல்போனைத் தடை செய்யும்படி உத்தரவிட்டிருக்கிறது. அனுமதியில்லாமல் எடுத்த ஒரு காட்சிக்காகப் பிறகு அலைவதைவிட, புதுமண்டபத்தையும் மாசி வீதிகளையும் பற்றி முப்பது காணொலிகள் எடுத்துப் போடச் சொல்லுங்கள். முப்பதாவது காணொலியிலும் அவளுக்கு ஆர்வம் குறையாமல் இருந்தால் கேமராவைப் பற்றிப் பேசலாம். பட்டத்தை மட்டும் முடித்துவிடட்டும்.

கேள்வி: ரயில்வேயில் 36 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். ரயில் பயணங்களைப் பற்றி எழுத ஆசை. 61 வயதில் இதைத் தொடங்கினால் சிரிப்பார்களா?
– ஓய்வுபெற்ற ஊழியர், செங்கோட்டை

பதில்: ஐயா, இந்த மூன்று கடிதங்களில் எனக்குத் துளியும் தயக்கம் தராதது உங்களுடையதுதான். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. ஆகவே விளம்பரதாரருக்காகவும் விடுதிக்காரருக்காகவும் நீங்கள் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இளைஞர்கள் ஓராண்டு அலைந்து தெரிந்துகொள்ளும் செய்திகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதிலிருந்து, உங்கள் வயதினர் எந்த வகுப்பில், எந்த நாளில், எந்த இணைப்பு வண்டியில் போவது என்று தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுங்கள். பெரும்பணம் வராது, வாசகர்களின் நன்றி வரும், நல்ல ஓய்வுக்கால வேலையாகவும் இருக்கும். உங்கள் வீட்டு வாசலிலிருந்தே புறப்படும் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையைப் பற்றி, 1904இல் மீட்டர் கேஜில் திறக்கப்பட்டு 2018இல் அகலப் பாதையாக மீண்டும் ஓடத் தொடங்கிய அந்தத் தடத்தைப் பற்றி, அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் தமிழில் விரிவாக எழுதி நான் படித்ததில்லை. முதல் பதிவில், பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது பள்ளத்தாக்கைப் பார்க்க எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார வேண்டும் என்பதைத் தவறாமல் சேர்த்துவிடுங்கள். வரும் சாரல் காலத்தில் நானே அந்த வண்டியில் வரலாம் என்றிருக்கிறேன்.