கருப்பட்டி உறையாமல் பாகாகவே நிற்பது ஏன்?

வணக்கம் தம்பி. மேலூர் பக்கம் 4 பனையில் பதநீர் இறக்கி, 3 மணி நேரம் காய்ச்சியும் சிரட்டையில் பிசுபிசுவென்று பாகாகவே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காலை 6 மணிக்கு இறக்கி, 11 மணிக்கு அடுப்பேற்றியதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். கோளாறு அந்த 5 மணி நேரத்தில்தான்.

பதநீர் புளிக்கத் தொடங்கினாலே அதிலுள்ள சுக்ரோஸ் என்ற சர்க்கரை, குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகளாக உடைந்துவிடும். அப்புறம் எவ்வளவு விறகு வைத்தாலும் இறுகாது. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவது அதைத் தடுக்கத்தான். அடியில் மட்டும் தடவாமல் சுற்றிலும் தடவுங்கள். பழைய கலயத்தைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். சுண்ணாம்பு மிஞ்சினால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் காரும். இறக்கியதும் வடிகட்டி, உடனே அடுப்பேற்றுங்கள்.

பொங்கி வழியும்போது ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாகு கனத்ததும் தீயைத் தணியுங்கள். பச்சைத்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பாருங்கள். கரைந்தாலோ இழுபட்டாலோ இன்னும் காய வேண்டும். உருண்டு, பாத்திரத்தில் போட்டால் 'டக்'கென்று கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள். ஊற்ற அவசரப்படாதீர்கள்; துடுப்பால் கிண்டக் கிண்ட பளபளப்பு மங்கி மணல்போலத் திரும்பும். அந்த நேரத்தில் நனைத்த சிரட்டையில் ஊற்றுங்கள்.

இறுகாத பாகில் சீனி சேர்த்துக் கட்டியாக்கப் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பணியாரத்துக்கும் சுக்குக்காப்பிக்கும் அதுவே அருமையாக இருக்கும்.