அடகு ரசீதைக் காட்ட மேக்ரோ லென்ஸ் தேவையா?

"மகளின் கல்லூரி ஃபீஸுக்காக அப்பா சங்கிலியை அடகு வைக்கிறார். அதுதான் எங்கள் குறும்படம். ரசீது, சங்கிலி, அவர் விரல்கள் எல்லாம் குளோசப்பில் வேண்டும். மூன்று நாளுக்கு மேக்ரோ லென்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் கேமரா ஏற்பாடு செய்பவர். அவசியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசியமில்லை. மேக்ரோ லென்ஸ் என்பது சின்னப் பொருளை மிகக் கிட்டே போய்ப் பெரிதாக எடுப்பதற்கானது. கேமராவோடு வந்த 18-55 ஜூம் லென்ஸ் இருக்குமே, அதை 55-ல், அதாவது முழு ஜூமில் வைத்து, ஃபோகஸ் பிடிக்கிற கடைசித் தூரம் வரை கிட்டே போங்கள். பெரும்பாலும் கால் மீட்டர் வரை போகலாம்; ஓர் உள்ளங்கை ஃபிரேமை நிறைத்துவிடும். 4கே-யில் எடுத்து ஃபுல் எச்டி-யில் முடித்தால், எடிட்டில் தெளிவு குறையாமல் இன்னும் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம்.

இதை ஏற்பாட்டாளர்கள் சொல்ல மாட்டார்கள். கதையைக் கேட்காமலே லென்ஸ் பட்டியலை நீட்டுகிறவருக்கு அந்தப் பட்டியலில் கமிஷன் இருக்கலாம். வாடகைக் கடைக்கு நீங்களே போங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வாடகை போட்டு, உங்கள் பெயரில் பில் கேளுங்கள். லென்ஸில் ஏற்கெனவே இருக்கும் கீறலை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கும்போது அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள்.

உங்கள் பட்டியலில் உண்மையிலேயே சிக்கலானது ரசீதுதான். அதை நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் முதல் வரி மட்டும் தெளிவாகி, மற்றவை மங்கிவிடும். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு, எஃப் 8 இருக்கட்டும். செட்டில் ஒருவர் ரசீதை வாய்விட்டு இரண்டு முறை படிக்கும்வரை கட் சொல்லாதீர்கள். தேதி, எடை, தொகை மூன்றையும் கடைக்காரர் எழுதுவது போலக் கையால் எழுதுங்கள். எடைக்கும் தொகைக்கும் பொருத்தமில்லை என்றால், நகை அடகு வைத்துப் பழகிய நம் ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் கதை அவர்களிடம் எடுபடாது.

மற்றபடி எல்லாவற்றுக்கும் குளோசப் வைக்காதீர்கள். சங்கிலியைக் கொடுக்குமுன் அப்பாவின் கட்டைவிரல் அதன் கொக்கியை ஒருமுறை தடவுகிறது. அந்த ஒன்று போதும். முதலில் அவர் குனிந்து பார்க்கட்டும், பிறகு விரலைக் காட்டுங்கள். அவர் பார்க்காததை நீங்கள் காட்டினால் அது வெறும் நகை விளம்பரம்.

"இன்சர்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இந்தச் சின்னக் குளோசப்களைக் கடைசி நாள் சாயங்காலத்துக்குத் தள்ளுவது நம் யூனிட்களில் ஊறிப்போன கெட்ட பழக்கம். அதற்குள் நடிகர் ஊருக்குப் போயிருப்பார், வேறு யாரோ கையை நீட்டுவார்கள், கைக்கடிகாரம் மாறியிருக்கும். காட்சி முடிந்த கையோடு, லைட்டை அசைக்காமல், அதே நடிகரின் கையை வைத்து எடுத்துவிடுங்கள்.