ஓய்வுநாளும் ஞாயிற்றுக்கிழமையும்

கேள்வி: நாங்கள் மளிகைக் கடை நடத்துகிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கடையைத் திறப்பது, பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் நான்காம் கற்பனையை மீறுவதாகும் என்கிறார் என் மாமியார். சனிக்கிழமையே மெய்யான ஓய்வுநாள், ஞாயிறு ஆராதனையை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் புகுத்தினார் என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி, ஐயா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. கற்பனை குறிப்பிடும் ஏழாம் நாள், வெள்ளி மாலை பொழுது சாய்வதில் தொடங்கிச் சனி மாலை முடியும் நாள்தான். அது ஞாயிறுக்கு மாற்றப்பட்டதாக வேதத்தில் ஒரு வசனமும் இல்லை. ஆனால் கான்ஸ்டன்டைன் 321-இல் பிறப்பித்த ஆணை நகரத்தாருக்கு ஞாயிறன்று ஓய்வு அளித்ததே தவிர (உழவர்களுக்கு அதிலும் விலக்கு இருந்தது), சபை கூடும் நாளை மாற்றவில்லை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, விசுவாசிகள் ஞாயிறன்று கூடி வேதம் வாசித்து, அப்பம் பிட்டு, ஏழைகளுக்குக் காணிக்கை சேர்த்ததை ரோமில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின் எழுதிவைத்திருக்கிறார். துரோவா பட்டணத்தில் ஐத்திகு என்னும் வாலிபன் பவுலின் நீண்ட பிரசங்கத்தில் தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்ததும் 'வாரத்தின் முதல்நாள்', அதாவது ஞாயிறு, நடந்த கூட்டத்தில்தான் (அப்போஸ்தலர் 20:7-9).

உங்கள் மாமியாரின் கருத்தும் புதிதன்று. ஓய்வுநாள் முதல்நாளுக்கு மாறிற்று என்று 1646-இல் இங்கிலாந்தில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் வரைந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே கூறுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கற்பனையை எழுத்தின்படி கைக்கொள்வதானால் அன்று அடுப்பும் பற்றவைக்கக் கூடாது (யாத்திராகமம் 35:3). ஞாயிறு மதியக் கறிக்குழம்புக்கு அவர் என்ன வழி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஓய்வுநாள் கர்த்தருக்கும் இஸ்ரவேல் புத்திரருக்கும் இடையே அடையாளம் என்று யாத்திராகமம் 31 சொல்கிறது. புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகள்மேல் எவற்றைச் சுமத்துவது என்று எருசலேமில் அப்போஸ்தலர் கூடி ஆராய்ந்து எழுதி அனுப்பிய நிருபத்தில் (அப்போஸ்தலர் 15) விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கே விலக்கப்படுகின்றன. ஓய்வுநாளைப் பற்றிப் பேச்சில்லை. ஓய்வுநாட்களைக்குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று பவுல் கொலோசெயருக்கு எழுதி, அவற்றை வருங்காரியங்களின் 'நிழல்' என்றும் அழைக்கிறார். ஆகவே சனியோ ஞாயிறோ, கட்டாயம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. விரும்பிச் சனியை ஆசரிக்கும் உங்கள் அண்ணனைக் குறைசொல்லவும், நாட்களைக்குறித்து அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்னும் ரோமர் 14:5 இடம் தரவில்லை.

ஆராதனைக்குப் பின் நீங்கள் கடை திறப்பது பாவமன்று. ஆனால் உபாகமம் 5-இல் இதே கற்பனைக்கு வேறொரு காரணம் தரப்படுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். கடையில் மூட்டை தூக்குகிறவருக்கும் பொட்டலம் மடிக்கிறவருக்கும் வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்பதை நீங்கள் எழுதவில்லையே, சகோதரி.