வெறும் பொம்மையா?

கேள்வி: ஜப்பானில் பல நூறு ஆண்டுகள் சக்கரவர்த்தியின் பெயரில் ரீஜென்ட்டுகள்தான் ஆண்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் சக்கரவர்த்தி வெறும் பொம்மைதானா? அவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும் அந்த ரீஜென்ட் குடும்பத்தார் ஏன் தாங்களே முடிசூட்டிக்கொள்ளவில்லை?
(மன்னார்குடி வாசகர் ஒருவர்)

பதில்: 'வெறும் பொம்மை' என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். இந்தச் சொல்லோடு நான் இந்தப் பக்கத்தில் சண்டை போடுவது முதல் தடவை இல்லை. பொம்மை அரசு, பொம்மை ராஜா, பொம்மைத் தலைவர் என்று ஒருமுறை எழுதிவிட்டால் எழுதியவருக்கும் வேலை முடிந்தது, படித்தவருக்கும் முடிந்தது, அதற்கு மேல் யாரும் எதையும் யோசிப்பதில்லை. பொம்மைக்குக் கண் நோகாது. பொம்மை நிலாவைப் பார்த்துக் கவிதை சொல்லாது. நான் சொல்லப்போகிற சக்கரவர்த்திக்குக் கண்ணும் நொந்தது, நிலாவைப் பார்த்துக் கவிதையும் சொன்னார்.

அதற்கு முன்னால் 'ரீஜென்ட்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஜப்பானியர்களுக்கு அது ஒரு சொல் இல்லை, இரண்டு. சக்கரவர்த்தி சின்னப் பையனாக இருந்தால் அவருக்குப் பதிலாக முடிவெடுப்பவர் செஷ்ஷோ. சக்கரவர்த்தி வளர்ந்தவர், ஆனாலும் எந்த விஷயமும் முதலில் இவரிடம் சொல்லப்பட்டு அப்புறம்தான் அவரிடம் போக வேண்டும் என்றால் இவர் கம்பாக்கு. அரச குடும்பத்தில் பிறக்காமல் செஷ்ஷோ ஆன முதல் ஆள் ஃபுஜிவாரா யோஷிஃபுசா. நீங்கள் கேட்கிற ரீஜென்ட் குடும்பம் இந்த ஃபுஜிவாரா குடும்பம்தான். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் செய்வா 858-ல் எட்டு வயதில் அரியணை ஏறினான், 866-ல் தாத்தாவுக்குப் பதவி முறைப்படி வந்தது. இந்தச் சொல் இன்னும் சாகவில்லை. 1921-ல் தாய்ஷோ சக்கரவர்த்தி உடல்நலம் குன்றியபோது இளவரசர் ஹிரோஹிட்டோ செஷ்ஷோவாக ஐந்து வருடம் இருந்தார். 2016-ல் அவர் மகன் அகிஹிட்டோ, வயதாகிவிட்டது என்று நாட்டு மக்களிடம் காணொளியில் பேசினார். ஒரு செஷ்ஷோவை வைத்துக்கொண்டு பட்டத்தில் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்பதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. 2019-ல் பட்டத்தை விட்டே இறங்கினார்.

சரி, ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். என்னோடு அலுவலகத்தில் இருந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், முப்பது வருடமாக. அவர்களுக்கெல்லாம் நான் சொல்கிற கதை ஒன்று உண்டு. 887-ல் உதா என்பவர் சக்கரவர்த்தி ஆனார். அவருடைய தாய் ஃபுஜிவாரா பெண் இல்லை, அரச குலத்துப் பெண். அப்போது ஃபுஜிவாரா குடும்பத்தின் தலைவர், யோஷிஃபுசா தத்தெடுத்து வளர்த்த மொதொட்சுனே. எல்லா விஷயமும் முதலில் மொதொட்சுனேயிடம் போகட்டும் என்று உதா ஆணையிட்டார். கம்பாக்கு என்ற சொல் அந்த ஆணையில்தான் வருகிறது. வழக்கப்படி மொதொட்சுனே 'எனக்கெதற்கு இவ்வளவு பெரிய பொறுப்பு' என்று மறுத்தார். வழக்கப்படியே சக்கரவர்த்தியும் இரண்டாவது ஆணை அனுப்பினார். அதை எழுதிக்கொடுத்த தாச்சிபானா ஹிரோமி பெரிய படிப்பாளி, சீன நூல்களில் ஊறியவர். கௌரவமாக இருக்கட்டும் என்று பழைய சீனத்து அமைச்சர் ஒருவருடைய பட்டத்தை எடுத்து, 'அகோ'வின் பொறுப்பே உமது பொறுப்பாகட்டும் என்று எழுதிவிட்டார்.

வந்தது வினை. மொதொட்சுனேயின் பக்கம் இருந்த இன்னொரு படிப்பாளி, 'அகோ என்பது மரியாதைக்குச் சொல்கிற பட்டம், அதற்கு வேலை எதுவும் கிடையாது' என்று கிளப்பிவிட்டார். அப்படியா, வேலை இல்லாத பதவிதானே கொடுத்திருக்கிறார்கள், நான் வேலை பார்க்கவில்லை என்று மொதொட்சுனே வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கில் அரசாங்கம் ஸ்தம்பித்தது. அறிஞர்களைக் கூட்டி அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விவாதிக்க வைத்தார்கள். அறிஞர்கள் மொதொட்சுனேக்குப் பயந்தார்கள். 888-ல் சக்கரவர்த்தி தன் ஆணையைத் தானே திரும்பப் பெற வேண்டியதாயிற்று, பழி ஹிரோமியின் தலையில் விழுந்தது. அப்போது வெளியூரில் ஆளுநராக இருந்த சுகாவாரா மிச்சிசானே, இப்படி ஒரு சொல்லுக்காக எழுதுகிறவனைத் தண்டித்தால் நாளைக்கு யார் எழுதுவார்கள் என்கிற தொனியில் மொதொட்சுனேக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்காகவே எனக்கு மிச்சிசானேயைப் பிடிக்கும். பின்னாளில் அவரையும் ஃபுஜிவாராக்கள் விடவில்லை, 901-ல் தலைநகரிலிருந்து துரத்தினார்கள், 903-ல் துரத்திய இடத்திலேயே இறந்தார். 930-ல் அரண்மனையில் இடி விழுந்தபோது அது மிச்சிசானேயின் கோபம் என்று நடுங்கி அவருக்குக் கோயில் வைத்துக் கும்பிட்டார்கள். இன்றைக்கும் ஜப்பானில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வேண்டிக்கொள்வது அவரிடம்தான்.

இங்கே கவனியுங்கள். உதா பொம்மையாக இருந்தால் மொதொட்சுனே இத்தனை பாடுபட்டிருக்க வேண்டியதே இல்லை. தோற்றுப்போன உதா, தன் விருப்பம் நிறைவேறாமல் அமைச்சருக்கு வளைந்துகொடுக்க நேர்ந்ததை நாட்குறிப்பில் எழுதி வருந்தியிருக்கிறார். 891-ல் மொதொட்சுனே இறந்ததும் அடுத்த கம்பாக்குவை நியமிக்காமலே இருந்துவிட்டார். மிச்சிசானேயைக் கைதூக்கிவிட்டவரும் அவர்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஏன் முடிசூட்டிக்கொள்ளவில்லை? அரியணை சூரிய தேவி அமதெராசுவின் வழிவந்தவர்களுக்கு மட்டும் உரியது என்பது அந்த நாட்டின் நம்பிக்கை, அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. 1585-ல் ஜப்பானையே வாளால் மடக்கிக்கொண்டிருந்த டோயோட்டோமி ஹிதெயோஷி கூட கம்பாக்கு பதவியைத்தான் கேட்டார். அதற்கே ஃபுஜிவாரா கிளைகளில் ஒன்றான கொனோயே குடும்பத்துக்குத் தத்துப்போக வேண்டியிருந்தது. இது ஒரு காரணம்தான். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. முடி அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. அந்தக் காலத்து ஜப்பானில் பெருங்குடும்பத்துப் பிள்ளைகள் தாய் வீட்டில் பிறந்து தாய் வீட்டில் வளர்ந்தார்கள். இளவரசனுக்குக் கண் தெரிந்த நாளிலிருந்து பழக்கமான முகம் தாயைப் பெற்ற தாத்தாவின் முகம். நாளைக்கு அந்தப் பையன் சக்கரவர்த்தி ஆனாலும் தாத்தாவின் பேச்சைத் தட்டுவானா?

1008-ல், அப்போது குடும்பத் தலைவராக இருந்த ஃபுஜிவாரா மிச்சினாகாவின் மூத்த மகளும் சக்கரவர்த்தியின் மனைவியுமான ஷோஷிக்குத் தகப்பன் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அவளுடைய பணிப்பெண் முராசாகி ஷிகிபு அந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கிறாள். மிச்சினாகா நேரங்காலம் பார்க்காமல் வந்து, தூங்குகிற தாதியை எழுப்பிக் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவாராம். ஒருநாள் குழந்தை அவர் மேல் மூத்திரம் பெய்துவிட்டது. நாட்டையே ஆட்டிவைக்கிற மனிதர் அங்கியைத் தளர்த்தி, திரைக்குப் பின்னால் கணப்பில் காட்டி உலர்த்திக்கொண்டே, இளவரசர் என்னை நனைத்துவிட்டார், நினைத்ததெல்லாம் நடந்த மாதிரி இருக்கிறது என்று பூரித்துப்போனார். ஆயிரம் வருடம் கழித்தும் அந்த ஈர அங்கி என் கண்ணில் நிற்கிறது. தாத்தாவின் பாசமும் பேராசையும் அதில் ஒன்றாக நனைந்திருக்கின்றன, இரண்டுமே உண்மை.

மிச்சினாகா கடைசிவரை கம்பாக்கு ஆகவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். செஷ்ஷோவாக இருந்ததும் ஒரு வருடம் போல. 995 முதல் அவர் கையில் வைத்திருந்தது சக்கரவர்த்திக்குப் போகிற கோப்புகளை முன்கூட்டியே பார்க்கிற உரிமை. அடுத்த வருடம் இடது அமைச்சர் பதவியும் சேர்ந்தது, அமைச்சர்களில் மூத்தவருக்கு அங்கே அப்படிப் பெயர். கம்பாக்கு ஆனால் அமைச்சரவைக் கூட்டத்தை முன்னின்று நடத்த முடியாது, இடது அமைச்சராக இருந்தால் முடியும். கோப்பு முதலில் தன் மேசைக்கு வருகிறது, கூட்டமும் தன் கையில், பிறகு எந்தப் பெயர் இருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறார்.

அவருக்குக் குறுக்கே வந்தவர் சான்ஜோ. 1011-ல் பட்டத்துக்கு வந்தபோது வயது முப்பத்தைந்து, தாத்தா பிடியில் வளர்கிற பையன் இல்லை. மிச்சினாகாவின் இரண்டாவது மகள் கென்ஷி இவருடைய மனைவிகளில் ஒருத்தி. 1013-ல் அவளுக்குக் குழந்தை பிறந்தது, பெண். மிச்சினாகாவின் முகம் சுருங்கியதை ஊரே பார்த்தது. வாழ்த்த வந்தவர்களைக் கூட அவர் சந்திக்கவில்லை என்று அவருடைய உறவினர் சானெசுகே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்புறம் சான்ஜோவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் அரண்மனை இரண்டு முறை எரிந்தது. கோப்பு படிக்க முடியாதவர் எப்படி ஆள்வார், இறங்குங்கள் என்று மிச்சினாகா நெருக்கிக்கொண்டே இருந்தார். விருப்பம் இல்லாமல் இந்த உலகத்தில் தங்கிவிட்டால் இந்த நடுநிசி நிலாவை எவ்வளவு ஏக்கத்தோடு நினைப்பேனோ என்று சான்ஜோ கவிதை சொன்னது அந்த நாட்களில்தான். பார்வை போய்க்கொண்டிருக்கிற மனிதர் நிலாவைப் பற்றிச் சொன்னது. 1016-ல் இறங்கினார், அடுத்த வருடம் இறந்தார்.

அவர் இடத்தில் உட்கார்ந்தது அங்கியை நனைத்த அந்தக் குழந்தை, எட்டு வயது நிரம்பாத கோ-இச்சிஜோ. 1018-ல் அந்தப் பையனுக்கு மிச்சினாகாவின் மூன்றாவது மகள் பட்டத்தரசி ஆனாள். நம் முறையில் அவள் அவனுக்குச் சித்தி. அன்றைய விருந்தில் மிச்சினாகா, இந்த உலகம் என் உலகம், முழுநிலவைப் போல எனக்கு ஒரு குறையும் இல்லை என்று பாடினார். பதில் பாட்டுப் பாடும்படி கேட்டபோது சானெசுகே, இதற்கு ஈடாக என்னால் பாட முடியாது என்று நழுவிக்கொண்டு, எல்லோரையும் சேர்த்து அதையே திரும்பத் திரும்பப் பாடவைத்தார். மிச்சினாகா தன் நாட்குறிப்பில் அந்தப் பாட்டை எழுதவில்லை. சானெசுகே எழுதி வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது. ஒருவர் குருடாகிக்கொண்டே பார்த்த நிலா, இன்னொருவர் மது மயக்கத்தில் பார்த்த நிலா, நடுவில் மூன்று வருடம்கூட இல்லை. நான் சான்ஜோ பக்கம்.

மிச்சினாகாவின் மகன் யோரிமிச்சி ஐம்பது வருடம் செஷ்ஷோவாகவும் கம்பாக்குவாகவும் இருந்தார். ஊஜியில் 1053-ல் அவர் கட்டிய ஃபீனிக்ஸ் மண்டபம் இன்றைய பத்து யென் நாணயத்தில் இருக்கிறது. மகளையும் வளர்ப்பு மகளையும் அரண்மனைக்குக் கொடுத்தார், இருவருக்கும் அரியணை ஏற ஒரு மகன் வாய்க்கவில்லை. குடும்பத்தின் பலம் முழுவதும் பிரசவ அறையில் இருந்தது, அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்காதபோது செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. 1068-ல் முப்பத்து மூன்று வயதில் பட்டத்துக்கு வந்தவர், உதாவுக்குப் பிறகு சுமார் 170 ஆண்டுகளில் ஃபுஜிவாராத் தாய்க்குப் பிறக்காத முதல் சக்கரவர்த்தி. தாய், 1013-ல் மிச்சினாகா முகம் சுருக்கிய அந்தப் பெண் குழந்தை, இளவரசி தெய்ஷி. அவர் பெயர் கோ-சான்ஜோ, அதாவது இரண்டாம் சான்ஜோ. கண் போன பாட்டனின் பெயரே பேரனுக்கு வந்தது. அடுத்த வருடமே ஓர் ஆவண அலுவலகம் திறந்து, நாட்டில் இருக்கிற பெரும் பண்ணைகளுக்கெல்லாம் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். கோப்புகளை முதலில் பார்த்துப் பழகிய குடும்பத்தின் நிலங்களுக்கும் சேர்த்துத்தான்.

தெய்ஷி 1094 வரை உயிரோடு இருந்தார். மகன் ஆண்டதைப் பார்த்தார். பேரன் ஷிராகாவா ஆண்டதையும், அவர் 1086-ல் பட்டத்தை விட்டு இறங்கிய பிறகும் தன் பிள்ளையின் பெயரில், எந்த ஃபுஜிவாராத் தாத்தாவையும் கேட்காமல், தானே ஆண்டதையும் பார்த்தார்.